ஜெட் கடைசி வகுப்பு. முதல் வகுப்பு எங்கே?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களும் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜெட் என்ஜின் பொருத்திய ரிமோட் விமானங்களைப் பற்றி எழுதப் போகிறேன். "வடக்கனந்தலில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் நமக்கு எதற்கு சார்?" என்று சிலர் கேட்பீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசியில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது இதுதான். ஆள் உயரத்துக்கு ஒரு குட்டி ஜெட் விமானம், நிஜ விமானத்தைப் போலவே உறுமிக்கொண்டு தரையை ஒட்டிப் பாய்ந்து, கண் இமைப்பதற்குள் மேகத்தில் மறைகிற வீடியோக்கள். பார்த்த பிள்ளை சும்மா இருக்குமா? "எனக்கும் வேண்டும்" என்கிறது. பெற்றவர்களோ இரண்டே பதில்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "அது பணக்காரன் விளையாட்டு, போய்ப் படி". இன்னொன்று, "கடன் வாங்கியாவது வாங்கித் தருகிறேன்". இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம். அந்த என்ஜின் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். எடை ஒன்று ஒன்றரைக் கிலோ. ஆனால் பத்துக் கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு உந்துவிசை தரும். முன்பக்கம் காற்றை உறிஞ்சி அழுத்த ஒரு சக்கரம், நடுவில் எரியும் அறை, பின்பக்கம் சூடான வாயு மோதிச் சுழலும் டர்பைன் சக்கரம். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தண்டில் இருக்கின்றன. பின் சக்கரம் சுற்றினால் முன் சக்கரமும் சுற்றும், காற்று வரும், எரியும், மறுபடி சுற்றும். லாரி மெக்கானிக் யாரிடமாவது டர்போவைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும். நடுவில் ஓர் அடுப்பைச் செருகினால் அதுதான் இது.

எரிபொருள் நம் வீட்டு விளக்கில் எரிந்த அதே கிருஷ்ணாயில் வகைதான். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு போல எண்ணெய் கலப்பார்கள். அந்த எண்ணெய்தான் பேரிங்குகளைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றத்தான் வேண்டும். ஏனென்றால் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று போல ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னால் வரும் புகையின் சூடு 600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். முழு வேகத்தில் நிமிடத்துக்குக் கால் லிட்டருக்கு மேல் குடிக்கும். அதனால் ஒருமுறை ஏறினால் ஏழெட்டு நிமிடத்தில் இறக்கியாக வேண்டும்.

இன்னொன்று. மின் மோட்டாரைப் போல இது விசையைத் தட்டியதும் கேட்காது. குறைந்த சுழற்சியிலிருந்து முழு வலுவுக்கு வர சில வினாடிகள் எடுக்கும். இறங்கும்போது தப்பாகிவிட்டது, மறுபடி தூக்க வேண்டும் என்று கடைசி நொடியில் நினைத்தால் என்ஜின் எழுவதற்குள் விமானம் தரையில் இருக்கும். ஆகவே ஓட்டுகிறவன் எப்போதும் சில வினாடிகள் முன்கூட்டியே யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். மணிக்கு 300 கிலோமீட்டர் என்பது இந்த உலகத்தில் பெரிய சாதனை இல்லை. சாதாரணமாக ஓட்டுகிறார்கள். ஜெர்மனியின் பாலன்ஸ்டெட் விமானத்தளத்தில் 2017 செப்டம்பரில் நீல்ஸ் ஹெர்பிரிச் என்பவரின் மாதிரி ஜெட் மணிக்கு 749 கிலோமீட்டரைத் தொட்டது. அது கின்னஸ் சாதனை. அதை விட்டுவிடுவோம். 300-ஐயே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 83 மீட்டர். தும்மி முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் ஒரு கபடித் திடலை ஆறேழு முறை தாண்டியிருக்கும்.

பத்துக் கிலோ எடையுள்ள விமானம் அந்த வேகத்தில் எதன்மேலாவது மோதினால் என்ன ஆகும்? நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குகிற பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு ஆளும் பைக்கும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த பைக் மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். பத்துக் கிலோதானே என்று நினைக்கக் கூடாது. வேகம் இருமடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. நாம் இருப்பது கரும்புச் சீமை. மாசி, பங்குனியில் தோட்டத்தில் சோகை காய்ந்து கிடக்கிற கிடப்பு எல்லோருக்கும் தெரியும். பீடித்துண்டு ஒன்று போதும். அதன் நடுவில் கிருஷ்ணாயில் நிரம்பிய தொட்டியோடு, 600 டிகிரி சூட்டோடு ஒரு விமானம் விழுந்தால், ஒரு வருட உழைப்பு அரை மணி நேரத்தில் சாம்பல். யார் நஷ்டஈடு கொடுப்பது?

இவ்வளவு சொல்கிறாயே, அப்படியானால் தடை செய்துவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு அப்படி.

1983-இல் இங்கிலாந்தில்தான் டர்பைன் ஜெட் என்ஜினில் ஒரு மாதிரி விமானம் முதன்முதலில் பறந்தது. பெரிய கம்பெனி செய்ததல்ல. ஆர்வலர்கள் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர், சாதாரணப் பட்டறையில் செய்யக்கூடிய ஒரு ஜெட் என்ஜினை உருவாக்கினார். அதில் காற்றை அழுத்தும் சக்கரத்தை எதில் செய்தார் தெரியுமா? பிளைவுட்டில்! மேலே கார்பன் இழை சுற்றிப் பலப்படுத்திய பிளைவுட். செய்ததோடு நிற்காமல், மற்றவர்களும் செய்துகொள்ளட்டும் என்று புத்தகமும் எழுதினார். இன்று ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் தைவானிலும் இந்தக் குட்டி என்ஜின்களைச் செய்து உலகம் முழுக்க விற்கிறார்கள். 2008-இல் சுவிட்சர்லாந்தின் ஈவ் ரோசி முதுகில் இறக்கை கட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தாரே, அந்த இறக்கையில் இருந்தவை மாதிரி விமானங்களுக்காகச் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த நான்கு குட்டி ஜெட் என்ஜின்கள்தான். நம் நாட்டில் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காகப் பறக்கவிட டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய 'அப்யாஸ்' ஆளில்லா விமானமும் சிறிய டர்பைன் என்ஜினில் ஓடுவதுதான். விளையாட்டாகத் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நடிகர் அஜித்குமார் ரிமோட் விமானங்கள் ஓட்டுவதில் நெடுநாள் ஆர்வம் உள்ளவர். 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு அவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு உலக அளவில் இரண்டாம் இடம் பெற்றது. அது வேகப் போட்டி அல்ல. தொலைதூரத்தில் தனியாகத் தவிக்கும் ஒருவருக்கு ஆளில்லா விமானத்தின் மூலம் மருத்துவ உதவி சேர்ப்பதை மையமாக வைத்த போட்டி. கல்வராயன் மலையின் உள்ளடங்கிய சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதைகள் நமக்குப் புதியவை அல்ல. அந்தப் போட்டியின் அருமை சென்னைக்காரர்களைவிட நமக்கு நன்றாகப் புரியும்.

அப்துல் கலாம் படித்ததும் அதே எம்.ஐ.டி.யில்தான். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ஆளில்லா வான்கலக் கழகம் இயங்குவதும் அந்த வளாகத்தில்தான். மகிழ்ச்சி. ஆனால் எல்லாம் குரோம்பேட்டையில். நம் பிள்ளைக்கு என்ன வழி?

இந்தக் கேள்வி எனக்குள் உறைக்கும்படி சில வாரங்களுக்கு முன் ஒரு சம்பவம் நடந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர், இப்போது விவசாயம் பார்க்கிறார். பாலிடெக்னிக் படிக்கும் மகனோடு வீட்டுக்கு வந்தார்.

"சார், பையன் ஒரு ஜெட்டு பார்த்து வச்சிருக்கான். செகண்ட் ஹேண்டு. ரெண்டே கால் லட்சமாம். கரும்புப் பணம் வந்ததும் வாங்கித் தரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

பையனைப் பார்த்து, "இதுவரைக்கும் என்னென்ன ஓட்டியிருக்கேப்பா?" என்று கேட்டேன்.

"தெர்மாகோல்ல ரெண்டு பிளேன் செஞ்சேன் சார். ஒன்னு பறந்துச்சு. அப்புறம் போன்ல சிமுலேட்டர் ஓட்டுறேன்."

நான் ஆசிரியர் பயிற்சியில் படித்ததும் வகுப்பறையில் கண்டதும் ஒன்றுதான். எளிதிலிருந்து கடினத்துக்கு. அ, ஆ தெரியாத பிள்ளையிடம் யாப்பிலக்கணத்தைக் கொடுப்பதில்லை. அதையே அவனிடம் சொன்னேன். முதலில் கையால் வீசும் கிளைடர். எடை எங்கே நிற்க வேண்டும், இறக்கை எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்று அது கற்றுத்தரும். பிறகு ரப்பர் பேண்டில் சுற்றும் விசிறி. பிறகு மின் மோட்டார் வைத்த, மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானம். அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இரண்டாவது ரிமோட்டோடு நிற்க, நூறு தடவை ஏற்றி இறக்க வேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகும், வலது இடதாகும். அந்தக் குழப்பம் கையிலிருந்து போக வேண்டும். அதன் பிறகு குழாய்க்குள் மின்விசிறி வைத்த வேக விமானம். கடைசியில்தான் கிருஷ்ணாயில் ஜெட். நீச்சல் தெரியாதவன் நேராக கோமுகி அணையில் குதிக்கக் கூடாது.

இன்னொரு செய்தியும் சொன்னேன். வேகம் வேண்டும் என்றால் அதற்கு என்ஜினே தேவையில்லை. 2021-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்பென்சர் லிசன்பி என்பவர், என்ஜினே இல்லாத ஒரு கிளைடரை மணிக்கு 882 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். ஜெட் சாதனையைவிட அதிகம்! மலை உச்சிக்கு மேலே பலமான காற்று, உச்சிக்குப் பின்னால் மறைவில் அசையாத காற்று. இரண்டுக்கும் நடுவில் வட்டமடித்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் திரட்டிக்கொள்கிறது அந்தக் கிளைடர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள் நம் முன்னோர். அந்தக் காற்றைப் படிக்கத் தெரிந்தவன் காசில்லாமல் ஜெட்டை முந்துகிறான்.

எல்லாவற்றையும் பையன் அமைதியாகக் கேட்டுக்கொண்டான். பிறகு ஒன்று கேட்டான்.

"சரி சார். நீங்க சொல்ற இந்த முதல் படிய நான் எங்க போய் ஏறுறது? ஏரியில தண்ணி வத்தினப்போ உள்ள போய் ஓட்டினேன். ஒருத்தர் வந்து, 'டிரோன் ஓட்டுறியா, கேஸு போட்டுடுவேன்'னு ரிமோட்ட புடுங்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாள் அலைஞ்சுதான் சார் திருப்பி வாங்கினோம். பக்கத்துல நின்னு சொல்லித்தர ஆளும் இல்ல. அதான் நேரா ஜெட்டே வாங்கிடலாம்னு."

நியாயமான கேள்வி. படிப்படியாக ஏறு என்று உபதேசம் செய்வது சுலபம். படியே கட்டாத இடத்தில் அந்த உபதேசத்துக்கு என்ன மதிப்பு? முதல் வகுப்பு இல்லாத ஊரில் பிள்ளை கடைசி வகுப்பில் போய் உட்காரத்தான் பார்க்கும். அதற்குப் பெற்றவரின் கரும்புப் பணம் போகும். விழுந்தால் பக்கத்துத் தோட்டமும் போகும்.

சட்டம் இதைத் தடுக்கிறதா? இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளில் மாதிரி விமானத்துக்கென்றே தனி இடம் இருக்கிறது. 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் ஓட்டினால் அது மாதிரி விமானம். வணிக டிரோன்களுக்குக் கேட்கும் வகைச் சான்றிதழ் இதற்குத் தேவையில்லை. இரண்டு கிலோ வரையிலான விமானத்தை வணிக நோக்கமில்லாமல் ஓட்ட, பைலட் உரிமமும் தேவையில்லை. வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் குறித்த இடத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். பதிவு எண் வாங்குவது போன்ற கடமைகளும் உண்டு, மீறினால் அபராதமும் உண்டு. ஆக, சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஊர் மட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை. அதனால் பிள்ளையைக் கண்டால் மிரட்டுகிறார்கள்.

இடம்? அதுவும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் பல பத்தாண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. அங்கே விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வந்தால் நல்லதுதான். வரும்வரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மாணவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

"அரசுப் பள்ளியில் கழிப்பறைக்கே தண்ணீர் இல்லை, இதில் விமானம் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் குறைக்காகவும் நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்பது ஜெட் அல்ல. ஒரு தெர்மாகோல் கிளைடருக்கு ஆகும் செலவு ஒரு டீ, ஒரு வடை. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் செய்முறையாக அறிவியல் சொல்லித்தர 2022-இல் தொடங்கிய 'வானவில் மன்றம்' இருக்கிறது. அதில் ஒரு நாள் கிளைடருக்கு ஒதுக்கலாம். என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் பயிற்சியிலேயே உண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இருப்பதை நம் ஊர் வரைக்கும் கொண்டுவந்தால் போதும்.

"ஆபத்து என்று நீங்களே சொல்கிறீர்களே" என்றும் கேட்கலாம். ஆபத்து இருப்பதால்தான் திருட்டுத்தனமாக ஏரிக்குள் ஓட்ட விடாமல், பெரியவர்கள் பார்வையில் ஓட்டச் சொல்கிறேன். அமெரிக்காவில் மாதிரி விமானச் சங்கத்தினர் டர்பைன் ஓட்டுவதற்கென்று தனித் தகுதி பார்க்கிறார்கள். வேகத்துக்கும் மணிக்கு 200 மைல், அதாவது 320 கிலோமீட்டரை ஒட்டி, உச்சவரம்பு வைத்தார்கள். தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் என்ஜினைக் கிளப்பக் கூடாது. பணம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, இறக்கத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் என் கோரிக்கைகள் இவை:

1. உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தை, உரிய அனுமதிகளோடு, மாதம் ஒரு காலை மாணவர்களின் மாதிரி விமானப் பயிற்சிக்குத் திறந்துவிட வேண்டும். தீயணைப்பு வண்டி ஒன்று, முதலுதவிக்கு ஒருவர், பார்வையாளர்களுக்குத் தள்ளி ஒரு கயிறு. இவ்வளவு போதும்.

2. குரோம்பேட்டையிலிருந்து பயிற்சி பெற்ற மாணவர்கள் இரண்டு பேர் வந்து, இரண்டாவது ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

3. மலையில் உள்ள பள்ளிகளின் பிள்ளைகளையும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளையும், பேருந்து வைத்து அழைத்து வர வேண்டும். காற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது சமவெளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

4. டர்பைன் ஜெட்டை, மின் விமானத்தில் கை தேறியவர் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகே அந்த இடத்தில் கிளப்ப அனுமதிக்க வேண்டும். வேறெங்கும், குறிப்பாகக் கரும்புத் தோட்டப் பக்கம், கூடவே கூடாது.

5. 2021 விதிகளின் சுருக்கத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு எல்லா ஊராட்சி, பேரூராட்சி அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் ஒட்ட வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஜெட் கேட்டால் திட்டாதீர்கள். வாங்கியும் தராதீர்கள். "ஒரு கிளைடர் செய்து காட்டு, இந்தத் திண்ணையிலிருந்து அந்தப் புளியமரம் வரை போகட்டும், மேலே பேசுவோம்" என்று சொல்லுங்கள். நிஜமான ஆர்வம் என்றால் மறுநாளே தெர்மாகோலோடு உட்காரும். வெறும் வீடியோ மயக்கம் என்றால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். உங்கள் இரண்டே கால் லட்சம் மிஞ்சும்.

அந்தப் பையனின் அப்பா பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. பையனும் ஆசையை விடவில்லை. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஓர் இடத்தின் பெயர் வேண்டும். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து நண்பர்கள் யாருக்காவது மாதிரி விமானம் ஓட்டத் தெரிந்தால், அல்லது தெரிந்தவரைத் தெரிந்தால், கீழே கருத்தில் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மனு எழுதி மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நானே வந்து கொடுக்கிறேன். மனு எழுதுகிற கை இன்னும் நடுங்கவில்லை.



ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வடக்கனந்தல்.